நெடுஞ்சாலை மூடப்பட்ட நாள்

கோப்பு நாற்பத்தொன்று, பக்கம் ஒன்பது.
ஜனவரி பதினான்கு. மைனஸ் முப்பத்தொரு டிகிரி.
'ஏழாம் குதிரின் ஏணியில் பனி உறைந்திருந்தது.
கையுறையோடு ஏறினோம்.
கோதுமை, விளிம்புக்கு ஒரு முழம் கீழே.'
ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக்.

நல்ல பக்கம்.
பத்தொன்பது வருட வேலையில்
இத்தனை அழகாக எழுதிய தணிக்கைத் தாளை
நான் பார்த்ததில்லை.
'எண்ணினோம், சரி' என்று முடித்துவிடுவார்கள் வழக்கமாக.
இதில் குளிர் இருந்தது, ஏணி இருந்தது,
கையுறைகூட இருந்தது.
அதுதான் உறுத்தியது.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பிள்ளை மாதிரி
யாரும் கேட்காத கேள்விக்கு
இந்தப் பக்கம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மதியம், வேறு எதற்காகவோ,
மனிடோபா சாலைத் துறையின் பழைய அறிவிப்புகளைத் திறந்தேன்.
பதிமூன்றாம் தேதி மாலை ஆறு தொடங்கி
பதினைந்து காலை பத்து வரை பனிப்புயல்.
வினிபெக்கிலிருந்து மேற்கே நெடுஞ்சாலை மூடல்.
பனி அள்ளும் லாரியே பாதி வழியில் திரும்பியிருக்கிறது.

கடித்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் மறுபடி சுற்றி வைத்தேன்.

விசாரணை மார்ச்சில்.
லோர்ன் ஃப்ரீசன், மூத்த பங்குதாரர்,
தேதியில் எழுத்துப்பிழை என்றார்.
அப்படியானால் எந்தத் தேதி சரி என்று கேட்டோம்.
அவர் வழக்கறிஞரைப் பார்த்தார்.
வழக்கறிஞர் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தார்.

எழுதியவள் மிரேய் டெரோசியே. வயது இருபத்துநான்கு.
புயலடித்த அன்று தன் அறையில்
கம்பளிக்குள் காலை நுழைத்துக்கொண்டு
முந்தைய வருடத் தாளைப் பக்கத்தில் விரித்து
எழுதியிருக்கிறாள்.
'போன தடவை நிஜமாகவே ஏறினேன்.
ஏணி பொய்யில்லை' என்றாள்.
'வழி இல்லை என்று தொலைபேசியில் சொன்னேன்.
போனதாகவே வைத்துக்கொள் என்றார்கள்.'
யார்?
மின்விசிறி ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.
'எல்லோரும்.'

தீர்ப்பு பதினோரு பக்கம்.
நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை,
மறுக்கவுமில்லை;
அபராதம் கட்டியது,
அந்த வருடம் வாங்கிய கட்டணத்தில் கால்வாசி.
ஃப்ரீசன் ஓய்வு பெற்றார். விருந்து நடந்தது.
மிரேயின் உரிமம் மூன்று வருடத்துக்கு முடக்கம்.

அந்தப் பதினோரு பக்கத்தை எழுதியவள் நான்.
ஏழாம் பக்கத்தில் 'பொய்' என்று ஒரு சொல் வைத்திருந்தேன்.
மேலே போய்த் திரும்பியபோது
அது 'போதாமை' ஆகியிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு, யாரும் அனுப்பாமல்,
இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி அங்கே போனேன்.
கூட்டுறவின் கேட்டில் வங்கிக்காரர்களின் பூட்டு.
வேலியில் ஓர் ஆள் நுழையும் கிழிசல்.
ஏழாம் குதிரின் ஏணி வெயிலில் சுட்டது.
ஏறவில்லை.
விரல் முட்டியால் தகரத்தைத் தட்டினேன்.
நிறைந்திருந்தால் பேசாது.
பேசியது, நெடுநேரம்.

சத்தம் கேட்டு டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார்
ஒரெஸ்ட் புரோகோப்சுக்.
நாற்பது டன் இறக்கியவர்.
'ரசீது பத்திரமாக இருக்கிறது' என்றார்,
நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.
நான் யாரென்று சொன்னேன்.
தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.
ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றித் தந்தார்.

'அபராதம் கட்டினார்களே, அந்தப் பணம் எங்கே போகும்?'
எங்கள் அலுவலகத்துக்கு என்றேன்.
தலையாட்டினார். தூரத்தில் ஒரு சரக்கு ரயில்
முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

என் சம்பளம் அதிலிருந்து வருவதில்லை என்றேன்.

அவர் கேட்கவேயில்லை.